வாடை: அணியா, அறிவா?

தமிழ் இலக்கியத்தைப் பாடமாகப் பயிலும் மாணவன் ஒருவனிடம் 'வாடை' என்றால் யாது என வினவுங்கள். அவன் தயங்கமாட்டான். வடதிசையிலிருந்து வீசும் குளிர்காற்று. கூதிர்க் காலத்துக்கு உரியது. பிரிந்திருக்கும் தலைவியின் துயரை மிகுவிப்பது. நக்கீரரின் நெடுநல்வாடைக்குப் பெயர் தந்தது என்று நிரல்படச் சொல்லுவான். அவ்விடைக்குப் பரீட்சையிற் புள்ளிகளும் உண்டு. அதே மாணவனைக் கார்த்திகை மாதத்துப் பிற்பகல் ஒன்றிலே பருத்தித்துறைக் கடற்கரையில் நிறுத்தி, முகத்தில் அறைகின்ற இந்தக் காற்றுக்குப் பெயர் என்ன என்று கேளுங்கள். 'நல்ல காற்று' என்பான். புவியியலும் படித்தவனாயின் 'வடகீழ்ப் பருவக்காற்று' என்பான். வாடை என்ற சொல் அவன் நாவில் எழாது. பாட்டிலே தான் அறிந்த காற்றும் முகத்திலே தன்னைத் தாக்கும் காற்றும் ஒன்றே என்பது அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

பிறரை இகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. அம்மாணவன் நானே. அந்த அறியாமையின் விலை யாதென்பதை அறிந்துகொண்ட பின்னரே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். என் வாதம் இதுதான்: வாடையை வெறும் அணியாக மட்டும் கற்பிக்கும் எமது இலக்கியக் கல்வியும், வாடை என்றொரு சொல் தமிழில் இல்லாதது போல எழுதப்படும் எமது வானிலைத் தமிழும் ஒரே பிழையின் இரு முகங்களாகும். கடலிலும் பட்டியிலும் உழைக்கும் மக்களின் சொல்லை அறிவெனக் கொள்ள மறுத்தலே அப்பிழை.

முதலில் அச்சொற்களை நோக்குவோம். நிகண்டு மரபு நான்கு திசைக் காற்றுகளுக்கு நான்கு பெயர்களைத் தருகின்றது. கீழ்காற்றுக் கொண்டல், மேல்காற்றுக் கோடை, வடகாற்று வாடை, தென்காற்றுத் தென்றல். எமது கரையோர மக்களிடமும் நான்கு பெயர்கள் உள. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்பன அவை. இரு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மேல்காற்றுக்கும் தென்காற்றுக்கும் ஏட்டில் ஒரு பெயரும் கரையில் வேறொரு பெயரும் வழங்க, கொண்டலும் வாடையும் மட்டும் இரண்டிடத்தும் மாறாது நிற்கின்றன. சங்கப் புலவன் ஆண்ட அதே சொல்லை அதே பொருளில் இன்றும் வள்ளம் தள்ளுகின்ற ஒருவர் ஆள்கின்றார் என்றால், அது ஆராய்ச்சியாளன் தலைவணங்க வேண்டிய செய்தியன்றோ?

வடகாற்றுக்கு வாடை ஒன்றே பெயரென்றுமில்லை. 'வட' என்னும் அடியிலிருந்தே வடந்தை பிறந்தது. ஊதுகின்ற செயலால் ஊதை என்ற பெயர் வந்தது. கூதிர் என்பது குளிர்ப் பருவத்துக்கும் அப்பருவத்துக் காற்றுக்கும் பெயராயிற்று. கூதிர் என்பதைச் செத்த சொல்லென்று எண்ணுவோர், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மார்கழி விடியலில் எழுந்திருக்கும் ஒரு மூதாட்டியின் பேச்சைச் செவிமடுக்க வேண்டும். 'கூதலாய்க் கிடக்குது' என்பார் அவர். கூதிரும் கூதலும் ஒரே வேரின் தளிர்கள். குளிரால் நடுங்குவதை அவர் 'கொடுகுது' என்பார். உணர்விழந்து போவதை 'விறைச்சுப் போச்சுது' என்பார். நடுக்கம் வேறு, விறைப்பு வேறு. முதலாவது எச்சரிக்கை, இரண்டாவது ஆபத்து. இந்நுண்மையை வைத்துக்கொண்டிருக்கும் மொழியைத்தான் நாம் கொச்சை என்று ஒதுக்கினோம்.

இன்று எம் தலைமுறைக்குக் கச்சான் என்றால் திருவிழா வீதியில் கொறிக்கும் நிலக்கடலை. வாடை என்றால் மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம். கொண்டல் என்றால் யாரோ ஒரு பழம்புலவரின் மேகம். திரைப்பாடல்களிலோ வாடையும் தென்றலும் வேறுபாடின்றிக் காதலரைத் தழுவிச் செல்லும் இளங்காற்றாகிவிட்டன. மார்கழி வாடையில் ஓர் இரவு வெளியிலே படுத்தறிந்த எவரும் அதனைத் தென்றலோடு சேர்த்து எண்ணமாட்டார்.

இனி, அவ்விலையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வங்காள விரிகுடாவில் மாண்டூஸ் என்ற புயல் உருவாயிற்று. வட அரைக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகவே வீசும். எனவே புயலுக்கு மேற்கே உள்ள நிலத்தின்மீது காற்று வடக்கிலிருந்து இறங்கும். புயல் எமக்குக் கிழக்கே நின்று வடமேற்காக நகர்ந்தபோது அதுவே நிகழ்ந்தது. துணைக்கண்டத்தின் குளிர்ந்த காற்று, மாசினையும் சுமந்துகொண்டு எம்மீது இழுத்துவரப்பட்டது. காற்று மாசு காரணமாக டிசெம்பர் 9 ஆந் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அன்றிரவு புயல் தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. விடிந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் பட்டிகளில் நின்ற மாடுகளும் ஆடுகளும் விறைத்துக் கிடந்தன. இறந்தவை ஆயிரத்துக்கும் மேல். குளிரதிர்ச்சியே காரணமென்று கால்நடைத் துறையினர் கூறினர்.

உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் அன்று வன்னியில் என் பெரியம்மா வீட்டில் நின்றேன். முதல்நாள் மாலையே அவர் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். கொண்டலாய் அடித்த காற்று வடக்கே திரும்பியிருந்தது. 'பிள்ளை, உந்த வாடை நல்லதுக்கில்லை. மழை நனைஞ்ச உடம்பிலை வாடை பட்டால் மாடு தாங்காது' என்று சொல்லிக்கொண்டே, மாட்டுக் கொட்டிலின் வடபுறத்தைச் சாக்காலும் கிடுகாலும் மறைத்துக் கட்டினார். நான் உதவவில்லை. கைப்பேசியில் புயல் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் நிற்கின்றது எனப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கொட்டிலுக்குள் நின்றவற்றில் ஒரு கன்று மட்டுமே போயிருந்தது. அடுத்த காணிக்காரரின் திறந்த பட்டியிலே பதினொரு மாடுகள். அவர் ஒரு மரத்தடியிற் குந்தியிருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கின்றது.

அக்கிழமை முழுவதும் எம் செவிகளில் விழுந்த சொற்கள் எவை? மாண்டூஸ், காற்று மாசு, அசாதாரண காலநிலை. மாண்டூஸ் என்பது ஐக்கிய அரபு இராச்சியம் வழங்கிய பெயர். அரபு மொழியிலே பொக்கிஷப் பெட்டி என்று பொருள் தருவது. அதனைச் சிறு பிள்ளைகளும் மனனஞ் செய்திருந்தனர். புயலுக்குப் பெயரிடும் அம்முறையை நான் குறைகூறவில்லை. அது நாடுகள் கூடிச் செய்துகொண்ட ஒழுங்கு. ஆயினும் மாடுகளைக் கொன்றது பொக்கிஷப் பெட்டியன்று. கொன்றது வாடை. நான் வாசித்த செய்திகளில் அப்பெயரைக் கண்டிலேன். எமது பட்டிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒரு பகைவனை 'அசாதாரணம்' என்று எழுதினோம். அதன் கடுமை அசாதாரணமாயிருக்கலாம். அது பெயரறியாத புதுவரவன்று.

பல்கலைக்கழகத்துக்கு வந்து நெடுநல்வாடையைப் பாடங்கேட்டபோதுதான் என் வெட்கம் முழுமை பெற்றது. 188 அடிகளைக் கொண்ட அப்பாட்டின் தொடக்கத்திலே நக்கீரர் எதைக் காட்டுகின்றார்? அரண்மனையையா? தலைவியையா? இல்லை. மழைவெள்ளம் நிலத்தை மூட, மந்தைகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் செல்கின்ற இடையரைக் காட்டுகின்றார். பழகிய இடத்தை விட்டு நீங்கிய வருத்தத்தோடு, நனைந்த உடலோடு, நெருப்பிலே கைகாய்ச்சிப் பற்கள் கிட்டி அவர்கள் நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்கு குன்னிப்போகின்றது. பறவைகள் நிலத்தில் விழுகின்றன. கறவைகள் பாலுண்ண வரும் கன்றுகளை உதைத்து விலக்குகின்றன. அதற்குப் பின்னரே கவிஞர் நகருக்குள் நுழைகின்றார்.

மழையில் நனைந்த மந்தை, வடகாற்று, மேய்ச்சல் ஒழிதல், கன்றுக்குப் பால் இன்மை: குளிர் ஒரு மந்தையை எவ்வாறு வீழ்த்தும் என்பதற்கு இதைவிட ஒழுங்கான நோய்க்குறிப்பு வேண்டுமா? தொல்காப்பிய உரைகாரர் கூதிர்க்கு வகுத்த மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். 2022 டிசெம்பர் 9 கார்த்திகையின் பிற்பகுதி. கவிஞர் சொன்ன பருவத்திலே, கவிஞர் சொன்ன காற்றிலே, கவிஞர் சொன்ன விலங்குகள் வீழ்ந்தன. நாமோ அப்பாட்டை வைத்துக்கொண்டு எதனை ஆராய்கின்றோம்? அது அகமா, புறமா என்பதனை! வேலிலே வேம்பு சூட்டப்பட்டிருப்பது பாண்டியனின் அடையாளமாதலால் அது புறம் என்றார் நச்சினார்க்கினியர். அன்று தொட்டு இன்றுவரை பரீட்சை வினாக்களும் விடைகளும் அந்த ஒரு வேப்பந்தாரைச் சுற்றியே வருகின்றன. ஒரு பூமாலைக்குச் செலவான மையில் நூற்றிலொரு பங்காயினும் அந்தக் கறவைக்குச் செலவாகியிருந்தால், இலக்கிய மாணவனுக்கும் இடையனுக்கும் இடையே இத்துணைப் பெரிய மதில் எழுந்திராது.

தலைவியின் துயரைப் பேசவேண்டாம் என்பது என் கருத்தன்று. பிரிந்தாளுக்கு நெடியதாகவும் பாசறையில் வினைமேற்கொண்ட அரசனுக்கு நல்லதாகவும் அவ்வாடை அமைந்தது என்ற விளக்கம் அழகியது. ஆயினும் அத்துயர் எதன்மேல் எழுப்பப்பட்டுள்ளது? குளிரால் யாழின் நரம்பு நிலைதிரிய, அதனை மார்பின் வெம்மையிலே தடவிச் சீர்செய்யும் ஆடல்மகளிர்மேல். விசிறி தொழிலற்றுத் தொங்கும் மாடங்கள்மேல். வெளியே நடுங்கும் கோவலர்மேல். நேரிற் கண்டறிந்த செய்திகளாலே கட்டிய வீடு அது. பேராதனையிற் கற்பித்த தனிநாயகம் அடிகளார் போன்றோர் சங்கப் பாடல்களின் இயற்கை அறிவினை உலகறியச் செய்தனர். அவர்கள் திறந்த வாயிலினூடே நாம் வெளியே செல்லவில்லை. வாயிலின் அழகையே விதந்து எழுதிக்கொண்டிருக்கின்றோம்.

இவ்விடத்திலே மறுப்புரைகள் எழும். அவற்றை ஒவ்வொன்றாக எதிர்கொள்வோம்.

முதலாவது மறுப்பு: வாடை, கொண்டல் என்பன நாட்டுப்புறச் சொற்கள், திட்டமான திசையைத் தரமாட்டா, அறிவியலுக்கு வடகிழக்கு, வடமேற்கு என்ற பெயர்களே பொருந்தும் என்பது. இவ்வாறு சொல்வோர் கடற்கரைக்குச் செல்லாதோர், அகராதியையும் புரட்டாதோர். வடக்கும் கிழக்கும் கலந்த காற்று வாடைக்கொண்டல். வடக்கும் மேற்கும் கலந்தது வாடைக்கச்சான். தெற்கும் கிழக்கும் கலந்தது சோழகக்கொண்டல். தெற்கும் மேற்கும் கலந்தது சோழகக்கச்சான். நான்கு சொற்களால் எட்டுத் திசைகள் அமைந்துவிட்டன. திசைகாட்டியின் முகப்பில் எட்டுப் புள்ளிகள் இருப்பது அறிவியலாயின் இதுவும் அறிவியலே.

அதுமட்டுமன்று. வடகிழக்கு என்பது திசையை மட்டும் சொல்லும். வாடை என்ற சொல்லோ திசையோடு பருவத்தையும், குளிரையும், கடலின் நிலையையும் சேர்த்துச் சொல்லும். வாடை பெயர்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், வடகடல் இனிக் கொந்தளிக்கும், வலைகளைப் பார்த்து இறக்கவேண்டும், கீழ்க்கரைக்கு வந்து வாடி அமைத்திருந்த மேற்குக் கரையோரத்தார் ஊர் திரும்புவர், நெல் நனையும், மாட்டுக்கு மறைப்பு வேண்டும் என்பன அனைத்தும் கேட்பவர்க்கு விளங்கும். தை பிறந்தபின் அதே காற்று மழை குறைந்து வரண்டு வீசும். வல்வெட்டித்துறையிற் பொங்கலன்று பட்டங்கள் வானேறுவதும் அக்காற்றிலேயே. இவ்வளவையும் சுருக்கி வைத்த சொல்லை எறிந்துவிட்டு, திசையை மட்டும் சொல்லும் தொடரை எடுத்துக்கொண்டோம். இலாபம் யாருக்கு?

இரண்டாவது மறுப்பு: இப்பெயர்கள் இடத்துக்கிடம் வேறுபடும், ஆகையாற் பொதுவழக்குக்கு உதவா என்பது. மட்டக்களப்பிலே கச்சான் என்றால் மலைநாட்டைக் கடந்து இறங்கும் வரண்ட வெங்காற்று. மேற்குக் கரையோரத்திலே அதே பருவத்துக் காற்று ஈரத்தைச் சுமந்து கடலைக் கலக்கும். உண்மை. ஆனால் இவ்வேறுபாடு சொல்லின் குற்றமா, மலையின் வேலையா? மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்த காற்று கிழக்குச் சரிவிலே வெம்மையுற்று இறங்குகின்றது என்பதைத்தான் அவ்விரு கரை மக்களும் தத்தம் உடலால் அறிந்து சொல்கின்றனர். ஆல்ப்ஸ் மலைச்சாரலிலும் இவ்வாறு ஒரு வெங்காற்று இறங்கும். அம்மக்கள் அதற்கு வழங்கிய 'போன்' என்னும் சொல்லை வளிமண்டலவியல் நூல்கள் உலகப் பொதுக் கலைச்சொல்லாகவே ஏற்றுக்கொண்டன. மலைவாழ் இடையனின் சொல் கலைச்சொல்லாகலாம். மட்டக்களப்பு உழவனின் சொல் ஆகாதா?

இங்கு வேற்று நாடுகளின் வழக்கையும் நோக்குதல் தகும். பிரான்ஸின் தென்பகுதியிலே ரோன் பள்ளத்தாக்கின் வழியே மத்தியதரைக்கடலை நோக்கி ஒரு வடகாற்று வீசும். அதற்கு மிஸ்திரால் என்பது பெயர். தலைமை பூண்டது என்னும் பொருளுடையது. அக்காற்றுக்கு அஞ்சி அந்நாட்டுப் பண்ணை வீடுகளின் வடசுவரில் சன்னல் வைப்பதைத் தவிர்த்தனர். அதிரியாத்திக் கடலோரத்திலே போரா என்ற கடுங்குளிர்க் காற்று மலையிலிருந்து இறங்கும். இவ்விரு பெயர்களும் அந்நாடுகளின் வானிலை அறிக்கைகளில் இன்றும் வழங்குகின்றன. செய்மதியும் கணனியும் கொண்ட அந்நாட்டார், மீனவனின் சொல்லைச் சொல்வதால் தம் அறிவியல் இழிந்துபோகும் என்று அஞ்சவில்லை. அவ்வளவேன்? எமது பாடநூல்கள் பெருமையோடு எழுதும் 'மொன்சூன்' என்ற சொல்லே அரபுக் கடலோடிகளின் 'மௌசிம்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். பருவம் என்பது அதன் பொருள். அரபுக் கடலோடி சொன்னால் அறிவியல், பருத்தித்துறைக் கடலோடி சொன்னாற் கொச்சை என்பது என்ன நீதி?

மூன்றாவது மறுப்பு முற்போக்காளரிடமிருந்து வரக்கூடியது. பழஞ்சொற்களைத் தோண்டி எடுத்துப் போற்றுதல் பழமைவாதம். உழைக்கும் மக்களுக்கு வேண்டியது நவீன எச்சரிக்கை முறையே என்பர். நவீன எச்சரிக்கை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெரியம்மா காற்றுத் திரும்பியதைத்தான் கண்டார். புயல் எங்கே நிற்கின்றது என்பதை அவரால் அறிய முடியாது. அதற்குச் செய்மதி வேண்டும். ஆனால் செய்மதி கண்டதை அவருக்குச் சொல்லும் மொழி எது? மணிக்கு இத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வடக்கு அல்லது வடமேற்குத் திசையிலிருந்து காற்று வீசக்கூடும் என்ற தொடரிலே குளிர் இல்லை, மாடு இல்லை, செய்யவேண்டிய காரியமும் இல்லை. 'வாடை திரும்புகின்றது, மழையோடு கூதலும் கடுமையாயிருக்கும், கால்நடைகளுக்கு வடபுறம் மறைப்புக் கட்டுங்கள்' என்று சொல்லியிருந்தால் அது ஒவ்வொரு பட்டிக்கும் விளங்கியிருக்கும். மக்களின் சொல்லிலே அறிவியலைச் சொல்வது பழமைவாதமன்று. மக்களுக்கு விளங்காத சொல்லிலே அதனைச் சொல்வதுதான் மேட்டிமை.

நான்காவது மறுப்பை நானே எனக்கு எழுப்பிக்கொள்கின்றேன். ஒரு சொல் மாட்டைக் காப்பாற்றிவிடுமா? அடுத்த காணிக்காரருக்கு வாடை என்ற சொல் தெரியாதா? தெரியும். அவர் பின்னர் சொன்னது இது: 'வாடை எண்டு தெரிஞ்சுதுதான் தம்பி. நாப்பது மாட்டுக்கு நான் எங்கை கொட்டில் கட்டிறது?' இக்கேள்விக்கு எந்த இலக்கியமும் விடை தராது. மேய்ச்சற்றரை சுருங்கி, கொட்டிலுக்கு வழியின்றி, வெட்டவெளியிலே மந்தையை நிறுத்தும் வறுமைக்கு மருந்து வேறு. அதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அவரது அறிவு எந்த அறிக்கையிலும் ஏறவில்லை என்பதையும் அவரது வறுமை எந்தத் திட்டத்திலும் ஏறவில்லை என்பதையும் நான் இரு வேறு செய்திகளாகக் காணவில்லை. ஒருவரின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை என்று முடிவு செய்த பின்னர், அவரது தேவையைக் கேட்பது எங்ஙனம்?

சொற்கள் தாமாக இறப்பதில்லை. அவற்றைக் கையளிக்கும் சங்கிலி அறுந்தபோதே இறக்கின்றன. மயிலிட்டியை எண்ணிப் பாருங்கள். வடகடலின் பெருந்துறைகளில் ஒன்றாயிருந்த அதன் மக்கள் 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தனர். துறை மீண்டும் அவர்களிடம் வந்தது 2017 ஆம் ஆண்டில். 27 வருடங்கள்! பத்து வயதிலே தந்தையின் வள்ளத்தில் ஏறிக் காற்றின் பெயர்களைக் கற்றிருக்கவேண்டிய சிறுவன் முப்பத்தேழு வயதிலே கரைக்குத் திரும்பினான். இடையில் அவன் முகாமிலும் உறவினர் திண்ணையிலும் வளர்ந்தான். எஞ்சிய கரைகளிலும் போர்க்காலத் தடைகளும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் செய்தவை யாவரும் அறிந்தவை. சோழகத்தில் ஒரு திசையும் வாடையில் மறு திசையும் பாய்விரித்துக் கடல்கடந்து வணிகஞ் செய்தோர் வல்வெட்டித்துறையார். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைச் சென்றடைந்தது. அக்கப்பலைச் செலுத்தியோர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் காற்றைப் பற்றிப் படிக்கவில்லை. அவர்களது சொற்களை இன்று எழுதி வைத்திருப்போர் எத்தனை பேர்?

எழுத்தாளர் இக்கடனை உணராமலில்லை. புவியியல் கற்ற செங்கை ஆழியான் நெடுந்தீவுக் கரைக்குப் பருவந்தோறும் வந்து வாடி அமைக்கும் மீனவரின் வாழ்வை நாவலாக்கி, அதற்கு 'வாடைக்காற்று' என்றே பெயரிட்டார். அது 1978 இல் திரைப்படமாகவும் வந்தது. ஒரு நாவலாசிரியர் தனித்துச் செய்ததை ஒரு பீடம் கூடிச் செய்ய இயலாதா?

இயலும் என்பதற்கு எமது வரலாற்றிலேயே சான்றுண்டு. கூத்து ஒரு காலத்திலே படித்தவர் முகஞ்சுளித்த கலையாயிருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்து அண்ணாவிமாரைத் தேடிச் சென்று, அவர்களின் ஆட்டத்தையும் பாட்டையும் பேராதனை மாணவர்க்குப் பயிற்றுவித்து, 1960களிலே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். அன்றிலிருந்து கூத்து எமது பண்பாட்டின் பெருமையாயிற்று. அண்ணாவியாரின் காலடியை அறிவென்று ஏற்ற பல்கலைக்கழகம் சம்மாட்டியாரின் காற்றறிவை ஏற்கத் தயங்குவானேன்?

நான் வேண்டுவன மூன்றே. ஒன்று: தமிழில் வெளிவரும் வானிலை அறிக்கைகளிலே திசையும் வேகமும் இருக்குமிடத்தில் மக்கள் வழங்கும் காற்றுப் பெயரும் இருக்கட்டும். எண்களை நீக்கவேண்டியதில்லை, பெயரைச் சேர்த்தாற் போதும். இரண்டு: பாடநூல்களில் வடகீழ்ப் பருவக்காற்று என்ற தொடருக்கு அருகே வாடை, கொண்டல் என்ற சொற்களும் இடம்பெறட்டும். வடகீழ் என்பதும் நல்ல தமிழே. அதனோடு எனக்குப் பகையில்லை. ஆனால் வீட்டிலே பிள்ளை கேட்ட சொல்லைப் பாடசாலை கேளாததுபோல் நடந்துகொள்ளுதல் பிள்ளைக்கும் பேத்தனுக்கும் இடையே பிளவை உண்டாக்குகின்றது. மூன்று: இதுவே எம் கையிலுள்ளது. தமிழ் மாணவரும் புவியியல் மாணவரும் ஒன்றுசேர்ந்து, விடுமுறைதோறும் தத்தம் ஊரிலே முதிய கடற்றொழிலாளரிடமும் கால்நடை வளர்ப்போரிடமும் காற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுவோம். எந்த மாதம், எந்தத் திசை, கடல் எப்படி, வானம் எப்படி, எதற்கு அஞ்சவேண்டும் என்பவற்றையும் அவர்கள் சொன்னவாறே எழுதுவோம். இதற்கு நிதியும் வேண்டியதில்லை, அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். ஆனால் காலம் அதிகமில்லை. அப்பெயர்களை முழுமையாக அறிந்தோர் எழுபதைக் கடந்துவிட்டனர்.

நெடுநல்வாடை பற்றி அடுத்த முறை வினாத்தாள் அமைக்கும் பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். அகமா புறமா என்பதை ஒருமுறை ஒத்திவைத்து, அக்கறவை ஏன் கன்றை உதைத்தது என்று கேளுங்கள். விடை எழுதுவதற்காகவேனும் நாங்கள் ஒரு மாட்டுக் கொட்டிலுக்குச் சென்று வருவோம்.

கடந்த மார்கழி விடுமுறையிற் பெரியம்மாவிடம் நெடுநல்வாடையின் அத்தொடக்கப் பகுதியைப் பொருள் சொல்லிக் காட்டினேன். இடையர் மந்தையை மேட்டுக்கு ஓட்டிய இடம்வரை பேசாதிருந்தார். கறவை கன்றை உதைத்தது என்றதும், 'ஓமோம், வாடையிலை மடி விறைச்சிடும்; தொடவிடாது' என்றார். பின், 'இதை எழுதினவர் மாடு வளர்த்தவர் போலை' என்றார்.

நான் வாசித்த எந்த உரையிலும் இக்குறிப்பு இல்லை. அவ்வாண்டுக் கொட்டிலின் வடபுறத்தை மறைத்துக் கட்டுகையில் கிடுகின் மறுநுனியை நான் பிடித்திருந்தேன்.